மனிதருக்கும் வீட்டுப் பிராணிகளுக்கும் வரும் பரம்பரை இருதயத் தசை நோய்

தாம்பரத்திற்குக் கிழக்கே அகரம்தென், மதுரப்பாக்கம், கஸ்பாபுரம் ஆகிய ஊர்களில், வீட்டு மனைகளாக மாறிவிட்ட நிலங்களுக்கு நடுவே, அரை ஏக்கர், ஒரு ஏக்கர் என்று கீரையும் வெண்டையும் பயிரிட்டு, இரண்டு கறவை மாடுகளையும் வைத்துக் காப்பாற்றிவரும் சிறு விவசாயிகள் இன்னும் இருக்கிறார்கள். சென்ற ஆண்டு அப்பகுதியில் கீரைச் சாகுபடி பற்றிய பயிற்சி ஒன்று முடிந்து, எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு விவசாயி என்னைத் தனியே அழைத்துச் சென்று ஒரு விஷயம் கேட்டார். அவருடைய அண்ணன் 41 வயதில், பாத்தி கொத்திக்கொண்டிருக்கும்போதே கீழே விழுந்து இறந்துவிட்டார். பாம்பு தீண்டியதோ, மின்சாரம் தாக்கியதோ என்று நினைத்தார்கள். பிரேதப் பரிசோதனையில், இருதயத்தின் சுவர் அளவுக்கு மீறித் தடித்திருந்தது தெரிந்தது. அவர்களுடைய தந்தையும் 48 வயதில் இதே மாதிரி திடீரென்று போனவர்தான். இது நடந்து சில மாதங்களில், மகள் வளர்த்த பூனை ஒரே இரவில் பின்னங்கால் இரண்டும் விழுந்து கத்திக்கொண்டு கிடந்தது. விரியன் கடித்திருக்கும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, இருதயச் சுவர் தடித்திருக்கிறது, அங்கிருந்து வந்த இரத்தக்கட்டிதான் காலை அடைத்துவிட்டது என்றார்.

"பூனைகிட்டே இருந்து எங்களுக்கு வந்ததா சார், இல்லே எங்ககிட்டே இருந்து அதுக்குப் போச்சா?" என்பது அவருடைய கேள்வி. அதைவிடப் பெரிய கேள்வி ஒன்றைக் கடைசியில்தான் கேட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கும் அவர் மகன் பள்ளியில் 400 மீட்டர் ஓட்டக்காரன். அவனை ஓட விடலாமா?

உழவியல் ஆசிரியனுக்கு இருதயத்தைப் பற்றி எழுத என்ன வேலை என்று வாசகர்கள் நினைக்கலாம். மருத்துவம் எனக்குத் தொழில் அல்ல. அவரிடம் அன்று நான் சொன்னதெல்லாம் டாக்டரிடம் போங்கள் என்பதுதான். ஆனால் பாரம்பரியம் என்பது நெல்லுக்கு ஒரு விதியாகவும் பூனைக்கு ஒரு விதியாகவும் மனிதனுக்கு ஒரு விதியாகவும் இயங்குவதில்லை. விதைத் தேர்வு பற்றி விவசாயிகளிடம் பேசும் அதே பாடத்தைக் கொண்டு இதையும் விளக்கலாம் என்று தோன்றியதால், மருத்துவ நண்பர்களிடமும் கால்நடை மருத்துவ நண்பர்களிடமும் கேட்டறிந்து இதனை எழுதுகிறேன்.

இருதயத் தசையில் என்ன நேருகிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். நாம் சாதாரணமாக "ஹார்ட் அட்டாக்" என்று சொல்வது இருதயத் தசைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய் அடைபடுவதால் வருவது. வாய்க்கால் அடைபட்டுப் பயிர் காய்வதைப் போன்றது அது. இங்கே சொல்லப்போகும் நோயில் வாய்க்கால் நன்றாகவே இருக்கும். பயிர்தான், அதாவது தசைதான், பிறவியிலேயே குறை கொண்டது.

இக்குறை பெரும்பாலும் இரண்டு வடிவங்களில் வெளிப்படுகிறது. ஒன்றில் இருதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துவிடுகிறது. ஒரு கலயத்தின் சுவர் உட்புறமாகத் தடித்துக்கொண்டே போனால் வெளியே பார்க்க அதே கலயம்தான். உள்ளே பிடிக்கும் தண்ணீர் குறைந்துவிடும். தடித்த சுவர் எளிதில் விரிந்து கொடுக்காது. சிலருக்கு இரு அறைகளுக்கு இடையிலுள்ள தடுப்புச் சுவரே புடைத்து, இரத்தம் வெளியேறும் வழியையும் குறுக்கிவிடும். மற்றொரு வடிவம் இதற்கு நேர்மாறானது. சுவர் மெலிந்து அறை விரிந்துவிடும். கவலை இறைத்த காலத்தில் பழைய தோல் சால் தொய்ந்து போவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். பார்க்கப் பெரிதாக இருக்கும், தூக்கித் தருவது குறைவாக இருக்கும். முதல் வகையைத் தடிப்பு வகை என்றும் இரண்டாவதை விரிவு வகை என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

வளர்ந்த மனிதனுக்கு இருதயச் சுவர் சுமார் 6 முதல் 11 மில்லிமீட்டர் கனம் இருக்கும். இரத்தக் கொதிப்பு போன்ற வேறு காரணம் எதுவும் இல்லாமல் 15 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தால் தடிப்பு நோய் என்று கொள்கிறார்கள். குடும்பத்தில் ஒருவருக்கு நோய் உறுதியாகியிருந்தால் 13 மில்லிமீட்டரே போதும். பூனையின் இருதயம் நம் பெருவிரல் நுனியைவிடச் சற்றுப் பெரியது, நிமிடத்திற்கு 140 முதல் 220 வரை துடிப்பது. அதற்கு 6 மில்லிமீட்டர் என்பதே தடித்த சுவர்.

உலகில் சுமார் 500 பேருக்கு ஒருவருக்கு இந்தத் தடிப்பு வகை உண்டு என்பது பொதுவான மதிப்பீடு. பூனைகளில் நிலைமை இன்னும் மோசம். பிரிட்டனில் வெளிப்பார்வைக்கு நல்ல சுகத்துடன் இருந்த பூனைகளைப் பரிசோதித்தபோது சுமார் ஏழு பூனைகளுக்கு ஒன்றில் இந்த நோய் காணப்பட்டது. இவற்றில் பல கடைசிவரை ஒரு தொந்தரவும் இல்லாமல் வாழ்ந்து முடிப்பவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

குறை விதையில் இருக்கிறது

1958-இல் இலண்டனில் டொனால்ட் டியர் என்ற பிரேதப் பரிசோதனை மருத்துவர், திடீரென்று இறந்த இளம் வயதினர் சிலரின் இருதயங்களில் தடுப்புச் சுவர் ஒருபக்கமாகப் புடைத்திருந்ததை எழுதி வெளியிட்டார். குடும்பம் குடும்பமாக இது வருகிறது என்பது விரைவில் தெரிந்தது. ஆனால் பாரம்பரியத்தில் எந்த இடத்தில் குறை என்று காட்ட மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1990-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், தசையைச் சுருங்கச் செய்யும் மயோசின் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு எழுத்து மாறியிருப்பதைக் கண்டனர். பிறகு அடுத்தடுத்து வேறு சில மரபணுக்களும் அகப்பட்டன. அவற்றுள் நமக்கு முக்கியமானது மயோசின் பிணைப்புப் புரதம்-சி என்பது. இதை மயோசினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக் கட்டை என்று எண்ணிக்கொள்ளலாம். பிரேக் பழுதானால் தசை இழைகள் தேவைக்கு மேல் இழுத்துக்கொண்டும், முழுவதுமாகத் தளராமலும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் இப்படி நடக்கும்போது தசை தடித்து, இழைகள் ஒழுங்கு குலைந்து, இடையிடையே தழும்பு விழுகிறது. இருதயத் துடிப்பை ஒழுங்காக நடத்தும் மின்னோட்டம் இந்தத் தழும்புகளில் தடுமாறும்போதுதான் திடீர் மரணம் நேருகிறது.

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு படிகளாக உள்ளது. தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. மனிதருக்கு வரும் தடிப்பு நோயில், ஒரு படி பழுதாக இருந்தாலே போதும், நோய் வரலாம். ஆகவே நோயுள்ள தந்தைக்கோ தாய்க்கோ பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இக்குறை இறங்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. மூத்தவனுக்கு இறங்கிவிட்டது, ஆகையால் இளையவன் தப்பித்தான் என்று கணக்கிடக் கூடாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாணயத்தை மீண்டும் புதிதாகச் சுண்டுகிறோம். ஆண், பெண் என்ற வேறுபாடும் இல்லை. "அப்பா வழி நோய், பெண்ணுக்கு வராது" என்று சொல்வது தவறு.

சொந்தத்தில் திருமணம் செய்வதால் இது வருகிறதா என்று பலர் கேட்கிறார்கள். ஒற்றைப் படியாலேயே வரும் நோய் என்பதால் சொந்தம், அசல் என்ற வேறுபாடின்றி வரும். ஆனால் கணவன், மனைவி இருவருமே ஒரே மூதாதையிடமிருந்து அதே பழுதான படியைப் பெற்றிருந்தால், குழந்தைக்கு இரு படிகளும் பழுதாக அமைய நால்வரில் ஒருவர் என்ற வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கு நோய் கைக்குழந்தைப் பருவத்திலேயே கடுமையாக வரும். அமெரிக்காவில் தங்களுக்குள்ளேயே மணம் புரிந்துகொள்ளும் ஆமிஷ் மக்களிடம் இதைக் கண்டிருக்கிறார்கள். மாமன் மகளை மணப்பது நம் பக்கம் வழக்கமாயிருப்பதால், இருதய நோயால் இளவயதில் இறந்தவர் உள்ள குடும்பங்கள் இதைக் கருத்தில் கொள்வது நல்லது.

நம் நாட்டில் கண்ட 25 எழுத்துகள்

2003-இல் இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில், மேற்சொன்ன பிணைப்புப் புரத மரபணுவின் கடைசிப் பகுதியருகே 25 எழுத்துகள் விடுபட்டிருப்பது முதன்முதலாகக் குறிப்பிடப்பட்டது. பிறகு, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த தண்டபாணி, ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ் ஆகியோரும் பிறரும் சேர்ந்து, நாடு முழுவதும் பல்வேறு இன மக்களிடம் இதைத் தேடிப் பார்த்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். இந்த விடுபாடு நம் மக்களில் 100 பேருக்குச் சுமார் 4 பேரிடம் இருந்தது. பாகிஸ்தான், இலங்கை மக்களிடமும் இருந்தது. மலேசியா, இந்தோனேசியாவிலும் சிறிது தென்பட்டது. ஐரோப்பியரிடமோ ஆப்பிரிக்கரிடமோ இல்லை. இது சுமார் 33,000 ஆண்டுகளுக்கு முன் இத்துணைக் கண்டத்தில் ஒரே ஒருவரிடம் தோன்றிப் பரவியிருக்கலாம் என்றும் கணக்கிட்டனர். இருதயத் தசை நோயாளிகளிடம் இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. கோடிக்கணக்கான இந்தியருக்கு இருதய நோய் காத்திருக்கிறது என்று அப்போது பத்திரிகைகள் எழுதின.

இந்தக் கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 2018-இலும் 2020-இலும் வெளிநாடுகளில் வாழும் நம் நாட்டு வம்சாவளியினரிடம் செய்த ஆய்வுகள் வெளிவந்தன. 25 எழுத்து விடுபட்ட குரோமோசோம்கள் எல்லாம் ஒரே மாதிரி அல்ல என்பது அவற்றிலிருந்து தெரியவந்தது. அவற்றில் ஒரு சிறு பகுதியில் மட்டும், அதே மரபணுவின் வேறொரு இடத்தில் இரண்டாவது ஒரு மாற்றமும் சேர்ந்திருந்தது. நோயாளிகளிடம் அதிகமாகக் காணப்பட்டது இந்த இரண்டாவது மாற்றமே. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால், 25 எழுத்து விடுபாடு மட்டும் உள்ளவர்களுக்குத் தடிப்பு நோயின் ஆபத்து மற்றவர்களைவிடப் பெரிதாகக் கூடியதாகத் தெரியவில்லை.

நெல் விவசாயிகளுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை. வெள்ளத்தில் மூழ்கினாலும் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 ரகத்தை உருவாக்குகையில், ஒவ்வொரு தலைமுறையிலும் எல்லா நாற்றுகளையும் தண்ணீரில் மூழ்கடித்துத் தேர்வு செய்துகொண்டிருக்க முடியாது. வேண்டிய மரபணுவின் பக்கத்தில் உள்ள ஓர் அடையாளக் குறியைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். குறி இருந்தால் பெரும்பாலும் மரபணுவும் இருக்கும். ஆனால் குறி வேறு, மரபணு வேறு. பல தலைமுறை கடந்தால் குறி ஓரிடத்திலும் மரபணு ஓரிடத்திலும் பிரிந்து போகக்கூடும். நம் 25 எழுத்து விடுபாடும் பெரும்பாலும் அப்படி ஒரு பழைய அடையாளக் குறிதான் என்று நான் எண்ணுகிறேன். அது மட்டுமே தசைக்குச் சிறிதளவு கேடு செய்கிறது என்று சொல்லும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள், விவாதம் ஓய்ந்துவிடவில்லை. எப்படியிருந்தாலும், எங்கோ பரிசோதனை செய்து "உனக்கு அந்த விடுபாடு இருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள் என்பதற்காக ஒருவர் தன்னை நோயாளியாகக் கருத வேண்டியதில்லை. ஸ்கேனில் சுவர் எப்படி இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பூனையிலும் அதே மரபணு

மெயின் கூன் என்பது அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியில் உருவான, சடை நிறைந்த பெரிய பூனை இனம். இவ்வினத்தில் தடிப்பு நோய் பரம்பரையாக இறங்குவதை 1999-இல் விளக்கினார்கள். 2005-இல் காரணத்தையும் கண்டுபிடித்தார்கள். மனிதரிடம் பழுதாகும் அதே பிணைப்புப் புரத மரபணுவில், புரதத்தின் 31-ஆவது கண்ணி மாறியிருந்தது. பரிசோதித்த மெயின் கூன் பூனைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றிடம் இம்மாற்றம் இருந்தது. 2007-இல் ராக்டால் என்ற வேறொரு இனத்தில் அதே மரபணு வேறிடத்தில், 820-ஆவது கண்ணியில், மாறியிருப்பது தெரிந்தது. ஆக, வீட்டுப் பிராணி ஒன்றில் தானாகத் தோன்றிய இருதயத் தசை நோய்க்கு மரபணுக் காரணம் முதன்முதலில் பூனையில்தான் அறியப்பட்டது.

அந்த விவசாயியின் முதல் கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. பூனையிடமிருந்து நமக்கு வரவில்லை, நம்மிடமிருந்து பூனைக்கும் போகவில்லை. ஒரே கம்பெனி மோட்டாரில் ஒரே பாகம் பலவீனமாக இருந்தால், அகரம்தென்னில் ஓடும் மோட்டாரும் அமெரிக்காவில் ஓடும் மோட்டாரும் தனித்தனியே அதே இடத்தில் பழுதாகும். பாலூட்டிகள் எல்லாவற்றிற்கும் இருதயத்தின் அமைப்பு ஒன்றே. அவர் வீட்டுப் பூனை தெருவில் கிடந்து எடுத்து வந்த நாட்டுப் பூனை. அதற்கு எந்த மரபணுவில் குறை என்று யாரும் சொல்ல முடியாது. மெயின் கூனுக்கென்று உள்ள பரிசோதனை நாட்டுப் பூனைக்கோ, இப்போது சென்னையில் பலர் ஆசையாக வாங்கும் பாரசீகப் பூனைக்கோ பயன்படாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பூனையின் நோய் நம்முடையதிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது. பூனையின் மேலறை விரிந்து, அதில் இரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி புறப்பட்டுப் போய், பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து பின்னங்கால்களுக்குச் செல்லும் இடத்தில் சேணம் போலக் குந்திக்கொள்கிறது. நேற்றுவரை சுவரேறிக் குதித்த பூனை திடீரென்று பின்கால்களை இழுத்துக்கொண்டு அலறும். தொட்டால் பின்பாதங்கள் சில்லென்று இருக்கும். பாதத்தின் அடித்தசை வெளுத்தோ நீலம் பாய்ந்தோ இருக்கும். வாய் திறந்து மூச்சு வாங்கும். இதைப் பாம்புக்கடி என்றோ, வண்டி ஏறிவிட்டது என்றோ எண்ணி நாட்டு மருந்து கொடுத்துக்கொண்டு ஒரு நாளைக் கழித்துவிடுகிறார்கள். வலி தாங்காமல் கத்துகிறதே என்று நாம் சாப்பிடும் பாரசிட்டமால் மாத்திரையில் கால் பங்கு கொடுத்துவிடுபவர்களும் உண்டு. பூனைக்குப் பாரசிட்டமால் நஞ்சு. எந்த அளவிலும் கொடுக்கலாகாது.

இக்குறை ஏன் ஒழிந்து போகவில்லை?

இவ்வளவு கேடான குறை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் தானே கழிந்து போயிருக்க வேண்டாமா என்று கேட்கலாம். விதைப் பண்ணையில் கலவன்களை அகற்றுவது நமக்குத் தெரியும். உயரத்தில் வேறுபடும் கலவனைப் பூக்கும் முன்பே பிடுங்கி எறிந்துவிடலாம். ஆனால் மணி முற்றிய பிறகே தெரியும் குறையை எப்படிப் பிடுங்குவது? அதற்குள் மகரந்தம் பக்கத்துப் பயிருக்குப் போய்விட்டதே!

இந்நோய் அப்படிப்பட்டது. மனிதருக்குப் பெரும்பாலும் வாலிபத்திலும் நடுவயதிலும் வெளிப்படுகிறது. அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன. பூனை ஒரு வயதிலேயே குட்டி போட்டுவிடும். நோய் சில ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். மேலும் ஒரே குறையைச் சுமந்த அண்ணன் 41-இல் விழுவார், தம்பி 75 வரை ஏர் பிடிப்பார். குறை இருந்தும் வெளிப்படாதவர் வழியாக அது சத்தமின்றி அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

வளர்ப்புப் பிராணிகளில் மனிதனே இதை விரைவுபடுத்தியிருக்கிறான். அழகாக இருக்கும் ஒரே ஆண் பூனையை, பரிசு வாங்கிய ஒரே ஆண் நாயைப் பல பெட்டைகளுக்குச் சேர்ப்பதால், அதனிடம் மறைந்துள்ள குறை இனம் முழுவதும் பரவிவிடுகிறது.

நாயும் மாடும்

நாய்களுக்குத் தடிப்பு வகை அரிது. விரிவு வகையே அதிகம். டாபர்மன் இனம்தான் இதற்கு மிகவும் பேர்போனது. ஐரோப்பாவில் இந்த நாய்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பரிசோதித்து 2010-இல் வெளியிட்ட ஆய்வில், வாழ்நாளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்கு நோய் வருவது தெரிந்தது. பாக்சர் இனத்தில் துடிப்பு தாறுமாறாகும் வேறொரு வகை உண்டு. தாம்பரம், சேலையூர் பக்கம் காவலுக்கென்று டாபர்மன் வளர்ப்பவர்கள், ஆறு வயதுக்கு மேல் அது இளைத்தாலோ இரவில் இருமினாலோ மயங்கி விழுந்தாலோ இருதயத்தைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

மாட்டைப் பற்றி விவசாயிகளுக்குச் சொல்லாமல் விடக் கூடாது. சுவிட்சர்லாந்தில் சிவப்பு ஹோல்ஸ்டீன் கலப்பு மாடுகளில், இரண்டு முதல் நான்கு வயதுள்ள நல்ல கறவைகள் தாடைக்கடியிலும் அலைதாடியிலும் வீங்கி இறந்தன. இது விரிவு வகை நோய். வம்சாவளியைத் தேடிச் சென்றபோது, எல்லாம் கனடா நாட்டின் ஒரே பொலிகாளையில் போய் முடிந்தன. 2011-இல் குறையுள்ள மரபணுவும் அறியப்பட்டது. மாட்டின் நோயில் ஒரு வேறுபாடு: இரு படிகளும் பழுதானால்தான் நோய் வரும். ஒரு படி உள்ள காளை முழுச் சுகத்துடன் இருந்துகொண்டே ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குக் குறையை வழங்கிவிடும்.

அதற்காக நம் மாட்டின் அலைதாடி வீங்கினால் உடனே பரம்பரை நோய் என்று எண்ண வேண்டாம். வீட்டு மனைகள் பெருகிய நம் புறநகரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது கட்டுக்கம்பியும் ஆணியும்தான். தீவனத்தோடு விழுங்கிய கம்பி வயிற்றிலிருந்து முன்னோக்கிக் குத்தி இருதய உறையைச் சீழ் பிடிக்கச் செய்யும். அப்போதும் இதே வீக்கம் வரும். கழுத்து நரம்பு கயிறு போலப் புடைக்கும். காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்திலோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திலோ காட்டினால் வேறுபடுத்திச் சொல்வார்கள். கருவூட்டல் செய்யும்போது காளையின் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டு, தாய்க்குச் செலுத்திய அதே காளையின் விந்தை மகளுக்குச் செலுத்தாமல் பார்த்துக்கொண்டால், இம்மாதிரி மறைந்த குறைகள் இரட்டிப்பது பெரிதும் தடுக்கப்படும்.

மரபா, ஊட்டமா?

நெல் நாற்று பழுப்பேறினால் அது ரகத்தின் குணமா, துத்தநாகப் பற்றாக்குறையா என்று முதலில் பார்க்கிறோம். துத்தநாக சல்பேட் இட்டதும் தெளிந்தால் குற்றம் ரகத்தினுடையது அல்ல. இருதயத்திலும் இப்படி ஒன்று உண்டு. 1987-இல் அமெரிக்காவில், விரிவு வகை நோயால் மடிந்துகொண்டிருந்த பூனைகள் பலவற்றுக்கு டாரின் என்ற சத்துப் பொருள் குறைவாயிருப்பதைக் கண்டனர். அதைக் கொடுத்ததும் விரிந்த இருதயம் சில மாதங்களில் பழைய நிலைக்குத் திரும்பியது. அன்று முதல் டப்பாத் தீவனங்களில் இதைச் சேர்க்கிறார்கள். டாரின் என்ற பெயர் காளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1827-இல் எருதின் பித்தநீரிலிருந்து முதலில் பிரித்தெடுத்ததால் அப்பெயர்.

மனிதனும் மாடும் டாரினைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்ளும். பூனையால் தேவையான அளவு தயாரிக்க இயலாது. மீனிலும் இறைச்சியிலும் மட்டுமே அதற்குக் கிடைக்கும்; அரிசியிலும் பருப்பிலும் இல்லை. நம் வீடுகளில் பூனைக்குப் பால் சோறும் தயிர் சோறுமே வைக்கிறோம். தோட்டத்தில் எலி பிடித்துத் தின்னும் பூனைக்கு இதனால் கேடில்லை. மாடி வீட்டுக்குள்ளேயே அடைத்து வைத்துத் தயிர் சோறு போடும் பூனைக்குத்தான் ஆபத்து. மத்தி, நெத்திலி, மீன் தலை என்று எது மலிவோ அதை வேகவைத்து, வெந்த நீரையும் சோற்றோடு பிசைந்து வைக்கலாம். டாரின் நீரில் இறங்கிவிடும், அதனால் நீரைக் கொட்டக் கூடாது. பரம்பரைத் தடிப்பு நோய்க்கு இந்த உணவு மருந்தாகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

யார் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்?

மூச்சிரைப்பு என்றால் இப்பக்கத்து மக்களுக்கு உடனே நினைவுக்கு வருவது 1928-இல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம்தான். நுரையீரலில் குறை தேடுவதும் சரியே. ஆனால் நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகும் இரைப்பு நின்றபாடில்லை என்றால் இருதயத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வேலை செய்துகொண்டிருக்கும்போதோ ஓடும்போதோ மயங்கி விழுவது இந்நோயின் மிக முக்கியமான எச்சரிக்கை. வெயிலில் நின்று தலைசுற்றி விழுவது வேறு. பளு தூக்கும் நிமிடத்தில் கண்ணை இருட்டிக்கொண்டு விழுவது வேறு.

குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாராவது காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருந்தால், அவருடைய உடன்பிறந்தார், பிள்ளைகள் எல்லோரும் ஒருமுறை ஈ.சி.ஜி.யும் எக்கோ என்னும் இருதய ஸ்கேனும் எடுத்துக்கொள்ள வேண்டும். செங்கற்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் இதற்கு வசதி உண்டு. ஊசி குத்துவதோ வலியோ கிடையாது. நோய் உறுதியான குடும்பத்தில் சிறுவர்களுக்கு ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் திரும்பப் பார்க்க வேண்டும். இன்று சரியாக உள்ள சுவர் நாளை தடிக்கலாம் என்பதே காரணம்.

நோய் இருப்பதாகத் தெரிந்தால் துடிப்பைத் தணிக்கும் மலிவான பழைய மாத்திரைகளே முதலில் தரப்படுகின்றன. புடைத்த சுவரை அறுவைச் சிகிச்சையால் செதுக்கி எடுப்பதும், அச்சுவருக்குச் செல்லும் குழாயில் சாராயச் சத்தைச் செலுத்திச் சுருங்கச் செய்வதும் உண்டு. ஆபத்து மிகுந்தவர்களுக்குத் தோலுக்கடியில் ஒரு சிறு கருவியைப் பொருத்துகிறார்கள். துடிப்பு தாறுமாறானால் அது தானே அதிர்ச்சி கொடுத்து மீட்கும். வயலில் வேலை செய்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. உடலில் நீர் வற்றினால் இந்த இருதயம் நிரம்பாது; ஆகவே சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் மண்வெட்டி பிடிக்கக் கூடாது. இரண்டாவது, நெஞ்சு வலித்தால் நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் மாத்திரை. குழாய் அடைப்பு நோயாளிக்கு உதவும் அம்மாத்திரை, வழி குறுகிய தடிப்பு நோயாளிக்கு இரத்த அழுத்தத்தைச் சட்டென்று தாழ்த்திவிடும். அடுத்த வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் கூடாது.

பூனைக்கும் நாய்க்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதே ஸ்கேன் எடுக்கிறார்கள். 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கிய கல்லூரி அது. நம் வேளாண்மைக் கல்வியும் அதே சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிக் கோயம்புத்தூருக்குப் போனதுதான். ஒரு காலத்தில் அவர்களும் நாமும் ஒரே பல்கலைக்கழகமாக இருந்தோம்.

மதுரப்பாக்கத்துக் குடும்பத்தில் எல்லோரும் சென்று பார்த்துக்கொண்டார்கள். மகனுக்குச் சுவர் 9 மில்லிமீட்டர்; ஈ.சி.ஜி.யிலும் குறையில்லை. ஓடலாம், ஆனால் ஆண்டுதோறும் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். பையனுக்காகக் கவலைப்பட்டு என்னிடம் கேள்வி கேட்டாரே, அந்தத் தகப்பனாருக்கு 18 மில்லிமீட்டர். அவருக்கு இதுவரை ஒரு தொந்தரவும் இருந்ததில்லை. இப்போது காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். கீரைக் கட்டைத் தலையில் தூக்குவதை மகனிடம் விட்டுவிட்டார். இறந்த அண்ணனின் இரு பெண்களில் மூத்தவளுக்கும் தடிப்பு இருக்கிறது. அவளுக்கு வயது 19, வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்று அவர் அடுத்த முறை கேட்டபோது, சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். அவள் பிரசவ காலத்தில் டாக்டருக்கு இது தெரிந்திருந்தால் பெரும்பாலும் அபாயமின்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொன்னேன். பூனை பிழைக்கவில்லை.